ஜர்னல் பேரிங், த்ரஸ்ட் பேரிங்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

என்ஜினைப் பிரித்ததும், செம்பு நிறம் வெளியே தெரியும் ஷெல்லை, அதாவது தண்டைச் சுற்றி அமரும் அரைவட்டப் பேரிங் தகட்டை, எடுத்துக் காட்டி "பேரிங் போய்விட்டது" என்று சொல்வது பட்டறைகளில் வழக்கம். ஆனால் ஷெல் தானாகப் போவது அரிது. தண்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவே இருந்த எண்ணெய்ப் படலம் முதலில் அறுபடுகிறது; ஷெல் அதற்குப் பின்னரே தேய்கிறது. படலம் ஏன் அறுந்தது என்று கேட்காமல் புதிய செட்டைப் போட்டு மூடினால், அதே என்ஜின் சில வாரங்களில் அதே மேசைக்குத் திரும்பி வரும். ஆகவே இங்கே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து படலம் அறுந்த இடத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் முறையை எழுதுகிறேன். முற்பகுதி டிராக்டர், லாரி, ஜெனரேட்டர் செட் ஆகியவற்றின் என்ஜின்களுக்கும், பிற்பகுதி வெண்ணுலோகப் (வெள்ளீயம் மிகுந்த கலப்புலோகம்) பேரிங்குகளில் ஓடும் டர்பைன், பம்ப், பெரிய மோட்டார் ஆகியவற்றுக்கும் உரியது. பால் பேரிங், ரோலர் பேரிங் இரண்டின் பழுதுகளும் வேறு வகையானவை என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

படலம் உருவாகும் விதம்

நின்றிருக்கும் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் ஜர்னல், அதாவது பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி, அடிப்பக்க ஷெல்லின் மேல் உலோகத்தோடு உலோகமாகப் படிந்து கிடக்கிறது. சுழலத் தொடங்கியதும், தன் மேல் ஒட்டிய எண்ணெயை அது கூடவே இழுத்துச் செல்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி ஆப்பு வடிவில் வரவரக் குறுகுவதால், அந்த இடுக்கில் திணிக்கப்படும் எண்ணெயில் அழுத்தம் எழுந்து, தண்டைத் தூக்கிச் சற்றே ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்துகிறது. 1883-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்தபோது, எண்ணெய் விடுவதற்காக அவர் மேலே போட்ட துளையின் வழியே எண்ணெய் உள்ளே இறங்காமல் வெளியே பொங்கியது. துளையை அடைத்த முளையும் பிடுங்கி எறியப்பட்டது. அங்கே ஒரு பிரஷர் கேஜைப் பொருத்திப் பார்த்தார். பேரிங்கின் மீதான சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டாக இருக்க, கேஜின் முள் 200-ஐத் தாண்டிச் சென்றது. அந்த அழுத்தத்துக்கான கணக்கை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வகுத்தார். இன்றைய பேரிங் வடிவமைப்பும் அந்தச் சமன்பாட்டிலிருந்தே தொடங்குகிறது.

பழுது பார்ப்பவர் இதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி, தண்டைத் தூக்குவது ஆயில் பம்ப் அன்று என்பதாகும். பம்ப் தருவது 3 முதல் 5 பார் வரை. கனெக்டிங் ராட் பேரிங்கின் படலத்துக்குள் எழும் அழுத்தமோ பல நூறு பார். இடுக்கு காலியாகாமல் நிரப்புவதும், உராய்வில் பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோவதுமே பம்ப்பின் வேலை. எனவே கேஜில் பிரஷர் சரியாகக் காட்டுகிறது என்பதைக் கொண்டு பேரிங் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. ஒரே ஒரு துளை அடைபட்டு ஒரு ஜர்னல் மட்டும் பட்டினி கிடந்தால் கேஜுக்கு அது தெரியவே தெரியாது.

த்ரஸ்ட் பேரிங்கின் சிக்கல் வேறு. தண்டு அச்சுத் திசையில் தள்ளும் சுமையை அது தாங்க வேண்டும். ஆனால் இணையாக இருக்கும் இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு நடுவே ஆப்பு இல்லை, ஆப்பு இல்லாவிடில் அழுத்தமும் சரிவர எழாது. கார், டிராக்டர் என்ஜின்களில் இந்தச் சுமை சிறியது, விட்டுவிட்டு வருவது என்பதால், எண்ணெய் பரவப் பள்ளம் வெட்டிய த்ரஸ்ட் வாஷரே போதுமானதாக இருக்கிறது. கப்பலின் புரொப்பல்லர் தண்டுக்கும் நீர்மின் டர்பைனுக்கும் அது போதாது. ஆஸ்திரேலியாவில் அந்தோனி மிச்செலும் அமெரிக்காவில் ஆல்பர்ட் கிங்ஸ்பரியும் தனித்தனியே கண்ட வழி ஒன்றுதான்: வாஷரைத் துண்டுகளாக, அதாவது பேடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தானே சாயும்படி ஒரு முனையின் மேல் நிறுத்திவிட்டால், அது தனக்கு வேண்டிய ஆப்பைத் தானே அமைத்துக்கொள்ளும். பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 1912-இல் கிங்ஸ்பரி பொருத்திய அத்தகைய பேரிங், பல பத்தாண்டுகள் ஓடிய பின்னும் பெரிய தேய்மானம் காட்டாததால் பொறியியல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

அறிகுறி: சூடானதும், ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் விழுகிறது

முதலில் கேஜை நம்பாதீர்கள். பிரஷர் ஸ்விட்ச் அல்லது சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, குளிர்ந்த நிலையிலும் நன்கு சூடான நிலையிலும், ஐடிலிங்கிலும் உயர் வேகத்திலும் என நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால் பாதிக் காரணங்கள் தாமாகவே விலகிவிடும்.

குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால், ஐயம் ரிலீஃப் வால்வின் (மிஞ்சிய பிரஷரை வெளியே விடும் வால்வு) மேலும் பம்ப்பின் மேலும் விழ வேண்டும். ரிலீஃப் வால்வின் பிளஞ்சருக்கு அடியில் ஒரு சிறு தூசி சிக்கி, வால்வு பாதி திறந்தபடியே நின்றுவிடுவது அடிக்கடி நிகழ்வது. கழற்றிக் கழுவினாலே சரியாகிவிடும். ஐடிலிங்கில் நன்றாக இருந்து வேகம் ஏற ஏற பிரஷர் விழுந்தாலோ, முள் நடுங்கினாலோ, பம்ப்புக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று பொருள். சம்ப்பில், அதாவது என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில், எண்ணெய் அளவு, உறிஞ்சும் குழாயின் ஸ்ட்ரெயினர், அந்தக் குழாயின் ஓ-ரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சம்ப் கேஸ்கெட்டுக்குத் தாராளமாகப் பூசிய சிலிகான் பசை உள்ளே பிதுங்கி, துண்டாகி, ஸ்ட்ரெயினரில் போய் அடைத்துக்கொள்வது நம் பட்டறைகளே உண்டாக்கும் பழுது.

குளிரில் சரியாக இருந்து சூடானதும் விழுவதே பேரிங்கை நோக்கிக் கை காட்டுகிறது. ஆனால் அங்கும் எண்ணெயை முதலில் விலக்க வேண்டும். 15டபிள்யூ-40 எண்ணெய் 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏழில் ஒரு பங்கு பாகுத்தன்மையே கொண்டிருக்கும். அதில் டீசல் கலந்தால் இன்னும் நீர்த்துவிடும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் அளவு நாளுக்கு நாள் குறையாமல் ஏறினால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தி அன்று. இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது கூலன்ட் உள்ளே இறங்குகிறது. டீசல் மணம் வந்தால் முதல் இரண்டு. எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் மூன்றாவது. காரணத்தைச் சரிசெய்து, சரியான தரத்தில் புதிய எண்ணெய் ஊற்றி, மீண்டும் அளந்து பாருங்கள்.

அதற்குப் பின்னும் விழுந்தால் மட்டுமே கிளியரன்ஸ், அதாவது ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் இடையிலான இடைவெளி, கூடிவிட்டது என்ற முடிவுக்கு வரலாம். பேரிங்கின் ஓரங்களில் வழிந்தோடும் எண்ணெயின் அளவு கிளியரன்ஸின் கனமடியைப் பொறுத்தது. 0.08 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 0.10 ஆனால் அது கால் பங்கு உயர்வுதான். ஆனால் வழிந்தோடும் எண்ணெய் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பம்ப்பால் அதை ஈடு செய்ய முடியாதபோது முள் இறங்குகிறது. இந்த நிலையில் பிரஷரை ஏற்றுவதற்காக ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐடிலிங்கில் அந்த வால்வு மூடியே இருப்பதால் அங்கே ஒரு மாற்றமும் வராது. குளிர்ந்த நிலையில் மட்டும் பிரஷர் எகிறி ஃபில்டரைக் கிழிக்கும்.

பிரிப்பதற்கு முன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் அதன் துகள்களே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டர் வேண்டும். மடிப்புகளை விரித்து, மினுங்கும் துகள்களின் மேல் காந்தத்தைக் காட்டினால், ஒட்டுபவை இரும்பு; ஒட்டாத வெள்ளித் துகள்கள் ஷெல்லின் மேல் பூச்சாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம்; செம்பு நிறத்தில் கண்டால் மேல் பூச்சு தீர்ந்து அடுத்த அடுக்கு கரையத் தொடங்கிவிட்டது.

அறிகுறி: என்ஜினில் தட்டும் சத்தம்

சத்தத்தைக் கேட்டவுடன் பேரிங் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், ஃப்ளைவீல் போல்ட்டுகளையும் கிராங்க் புல்லியையும் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த ஃப்ளைவீல் எழுப்பும் சத்தம், கிராங்க் ஷாஃப்ட்டை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கின் சத்தத்தைப் போலவே இருக்கும். அதற்காகச் சம்ப்பைக் கழற்றியவர்கள் பலர். குளிரில் கேட்டு, சூடானதும் அடங்கும் சத்தம் பெரும்பாலும் பிஸ்டன் லைனரில் மோதுவது. டீசல் என்ஜினில் இன்ஜெக்டர் கோளாறும் தட்டும்.

கனெக்டிங் ராட்டின் பெரிய முனைப் பேரிங், நம் மெக்கானிக்குகள் பிக் எண்ட் என்பது, கூர்மையாகத் தட்டும். நடுத்தர வேகத்தில் ஓட்டி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது, சுமை மாறும் அந்தக் கணத்தில், அது தெளிவாகக் கேட்கும். மெயின் பேரிங் சத்தம் அடி வயிற்றிலிருந்து எழுவது போன்ற கனத்த 'தம் தம்'. சுமை ஏற்றும்போது கூடும். பழைய இன்லைன் பம்ப் கொண்ட டீசல் என்ஜினில், ஒவ்வொரு இன்ஜெக்டராக உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி அந்தச் சிலிண்டரை வேலை செய்யாமல் நிறுத்தினால், பிக் எண்ட் சத்தம் அதற்குரிய சிலிண்டரில் மட்டும் அடங்கும் அல்லது வெகுவாகக் குறையும். மெயின் பேரிங்காக இருந்தால் அதன் இரு பக்கத்துச் சிலிண்டர்களையும் நிறுத்தும்போது குறையும்.

இந்தச் சோதனையைக் காமன் ரெயில் என்ஜினில் ஒருபோதும் செய்யக் கூடாது. அதன் குழாய்களில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே இறங்கினால், காயம் ஊசிமுனை அளவில் தெரிந்தாலும் விரலையே இழக்க நேரிடலாம். அங்கே ஸ்கேன் கருவியைக் கொண்டு இன்ஜெக்டரை நிறுத்திச் சோதிக்க வேண்டும். பழைய என்ஜினிலும் நட்டின் மேல் துணியைப் போர்த்தி, கையை விலக்கி வைத்தே செய்ய வேண்டும்.

சத்தம் உறுதியானால் என்ஜினை உடனே நிறுத்துங்கள். "ஊர் போய்ச் சேரும்வரை மெதுவாக ஓட்டலாம்" என்ற நினைப்பில் ஷெல் செலவு கிராங்க் ஷாஃப்ட் செலவாகி, ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்தால் என்ஜின் செலவாகிவிடும்.

அறிகுறி: கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறது, அல்லது முன் புல்லி அசைகிறது

கிளட்சை மிதிக்கும்போது அதன் அழுத்தம் கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது த்ரஸ்ட் வாஷர். உதவியாளர் ஒருவரை மிதிக்கச் சொல்லி, முன் புல்லியில் டயல் கேஜை வைத்துப் பார்த்தால் எண்ட் பிளே, அதாவது கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவு, தெரிந்துவிடும். பெரும்பாலான சிறு, நடுத்தர என்ஜின்களில் இது 0.05 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் என்ஜினின் கையேடு தரும் எல்லையே முடிவானது.

எண்ட் பிளே கூடியிருந்தால் வாஷரை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். கிளட்ச் பெடலில் ஃப்ரீ பிளே இருக்கிறதா? ஓட்டுநர் பெடலின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறாரா, சிக்னலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவராமல் கிளட்சை மிதித்தபடி நிற்கிறாரா? ஐடிலிங்கில் எண்ணெய் குறைவாக வரும் நேரத்தில்தான் அந்தச் சுமை முழுவதும் ஒரு பக்க வாஷரின் மேல் விழுகிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறு பக்கம் புதிதுபோல் இருந்தால், காரணம் கிளட்ச் பக்கமே என்று கொள்ளலாம். கிராங்கின் த்ரஸ்ட் முகம் சொரசொரப்பாக இருந்தால் புதிய வாஷரையும் அரம் போல அரித்துவிடும். அதை மெருகேற்றாமல் பொருத்துவதில் பயனில்லை. பொருத்தும்போது பள்ளங்கள் உள்ள முகம் கிராங்கை நோக்கியிருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எஃகு முதுகு கிராங்கில் உரசும். இந்தத் தவறு நாம் எண்ணுவதைவிட அதிகமாக நடக்கிறது. த்ரஸ்ட் பேரிங் உள்ள மெயின் கேப்பை (பேரிங்கின் ஒரு பாதியை மூடிப் பிடிக்கும் பகுதி) முழுவதும் முறுக்குவதற்கு முன், கிராங்கை நெம்புகோலால் முன்னும் பின்னும் ஒருமுறை தள்ளிவிட்டால் இரு பாதி வாஷர்களும் ஒரே தளத்தில் அமரும்.

பிரித்த ஷெல்லைப் படிப்பது

கேப்களைக் கழற்றுமுன் எண்ணும் திசையும் குறியுங்கள். ஷெல்களை எடுத்த வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை கலைந்த ஷெல்களிலிருந்து எதையும் படிக்க முடியாது. எரிப்பின் விசை ராட்டைக் கீழே தள்ளுவதால், ராட் பேரிங்கில் மேல் ஷெல்லும், மெயின் பேரிங்கில் கீழ் ஷெல்லும் அதிகம் தேய்வது இயல்பு. இந்த இயல்பிலிருந்து விலகும் ஒவ்வொரு தடமும் ஒரு சாட்சி.

சுழலும் திசையில் கோடு கோடாகக் கீறல்களும், பதிந்து நிற்கும் துகள்களைச் சுற்றிப் பளபளக்கும் வளையங்களும் இருந்தால் அழுக்கு உள்ளே வந்திருக்கிறது. ஷெல்லின் நடுப்பகுதி வழுக்கிப் பூசியதுபோல் இழுபட்டு, செம்பு தெரிந்து, சூட்டில் கறுத்திருந்தால் எண்ணெய்ப் பஞ்சம்; பம்ப்பிலிருந்து தொலைவில் உள்ள பேரிங்குகள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த ஐயம் உறுதியாகிறது. வெடித்த களிமண் தரையைப் போல வெடிப்புகள் பரவி, இடையில் சில்லுகள் பெயர்ந்திருந்தால் அது களைப்பு முறிவு. அளவுக்கு மீறிய சுமை, தவறான இன்ஜெக்ஷன் டைமிங், அல்லது வெறுமனே வயது. பஞ்சு போல நுண்துளைகள் விழுந்த கறுத்த பரப்பு, நெடுநாள் மாற்றாத எண்ணெயில் உண்டான அமிலத்தின் வேலை.

தேய்மானத்தின் இடம், அதன் வகையைவிட அதிகம் பேசும். மேல் ஷெல்லின் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லின் எதிர் ஓரமும் குறுக்காகத் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் ஜர்னல் ஒரு பக்கம் பெருத்து மறு பக்கம் சிறுத்திருக்கலாம். வெளி விளிம்பை ஒட்டி மட்டும் இருந்தால், கிரைண்டிங் செய்தவர் ஓரத்தின் வளைவை அதிகமாக விட்டுவிட்டதால் ஷெல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பாதிகளும் சேரும் கோட்டுக்கு அருகில் தேய்ந்திருந்தால் கேப் இடம் மாறியிருக்கிறது, அல்லது ஷெல் அமரும் கூடு வட்டம் தவறியிருக்கிறது. நடு மெயின் பேரிங்கில் தேய்மானம் உச்சமாகி இரு முனைகளை நோக்கிக் குறைந்தால், வளைந்த கிராங்கை நினைக்க வேண்டும்.

ஷெல்லின் முதுகையும் மறவாமல் திருப்பிப் பாருங்கள். அங்கே மெருகேறியிருந்தால் அது கூட்டுக்குள் நகர்ந்திருக்கிறது. ஷெல்லின் பாதி, கூட்டின் பாதியைவிட நூலிழை அளவு உயர்ந்து நிற்கும்படியே தயாரிக்கப்படுகிறது. கேப்பை முறுக்கும்போது அந்த உயர்வு நசுங்கி ஷெல்லைக் கூட்டோடு இறுகப் பிடிக்கிறது. கிளியரன்ஸைச் சரிக்கட்டுவதற்காகக் கேப்பை அரத்தால் தேய்ப்பதும், ஷெல்லுக்குப் பின்னால் காகிதமோ பித்தளைத் தகடோ வைப்பதும் இந்தப் பிடிப்பையும், சூடு கூட்டுக்குக் கடந்துபோகும் வழியையும் ஒருசேரக் கெடுக்கின்றன. கட்டாயத்தின் பேரில் செய்தது என்று சிலர் சொல்வர். சரியான அண்டர்சைஸ் ஷெல் (சிறுத்த ஜர்னலுக்கு ஏற்ற தடித்த ஷெல்) கிடைக்கும்போது அந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்ததில்லை.

அறிகுறி: புதிய பேரிங் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது

ஒருமுறை ஒரு ஜெனரேட்டர் செட் என்ஜின், கிராங்கை கிரைண்டிங் செய்து புதிய ஷெல் போட்ட பின் மூன்றாம் முறையாகப் பிரிக்கப்பட்டபோது பார்க்க நேர்ந்தது. மூன்று முறையும் ஷெல்களில் கீறல்கள். கழுவிய பிளாக், கழுவிய கிராங்க், புதிய ஃபில்டர், எல்லாம் சரி. ஆயில் கூலரை மட்டும் யாரும் தொடவில்லை. முதல் பழுதில் உதிர்ந்த துகள்கள் அதன் மெல்லிய குழாய்களில் தங்கியிருந்து, ஒவ்வொரு முறையும் புதிய பேரிங்குக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பேரிங் உதிர்ந்த என்ஜினின் ஆயில் கூலரைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதைவிட மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்து, கிராங்கின் உட்துளைகள். கிரைண்டிங் தூள் அவற்றில் போய்ச் சேர்கிறது. பிளக்குகளைக் கழற்றி, நீண்ட தூரிகையால் தேய்த்துக் கழுவி, காற்று ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் அந்தத் தூள் முதல் நிமிடத்திலேயே ஷெல்லுக்குள் வரும். சிலிண்டரை ஹோனிங் செய்த தூள் டீசலால் கழுவினால் போகாது. சூடான சோப்பு நீர் வேண்டும்.

அளப்பதில், ஜர்னலை மைக்ரோமீட்டரால் இரு திசைகளிலும் இரு முனைகளிலும் அளந்து, ஷெல்லைப் பொருத்தி, கேப்பை டார்க் ரென்ச்சால் உரிய அளவுக்கு முறுக்கி, போர் கேஜால் உள்விட்டம் எடுக்க வேண்டும். இரண்டின் வேறுபாடு ஜர்னல் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 70 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு 0.07 மில்லிமீட்டர் அளவில் வரும். கையேட்டின் எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். போர் கேஜ் இல்லாத இடத்தில், நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை உதவும். பச்சை இழை 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரை அளக்கும். இழை உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது.

பொருத்தும்போது ஷெல்லின் முதுகும் கூடும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் உட்பரப்பில் மட்டும். துளை உள்ள ஷெல் துளை உள்ள பக்கமே போக வேண்டும். மாற்றிப் போட்டால் எண்ணெய் வரும் வழி அடைபட்டு, முதல் ஐந்து நிமிடத்திலேயே கதை முடியும். கடைசியாக, எரிபொருளை நிறுத்திவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றிய பிறகே என்ஜினை இயக்க வேண்டும்.

அறிகுறி: டர்பைன், பம்ப் பேரிங்கின் வெப்பநிலை ஏறுகிறது

இங்கே ஷெல்லுக்குப் பதில் கனமான வெண்ணுலோகப் பூச்சு. வெள்ளீயம் மிகுந்த இந்த உலோகம் 240 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே வலுவிழந்து நகரத் தொடங்கிவிடும். அதனால்தான் பேரிங் உலோகத்துக்குள் பதித்த சென்சார்களின் அலாரமும் டிரிப்பும் 110, 120 டிகிரிகளை ஒட்டி வைக்கப்படுகின்றன.

எல்லாப் பேரிங்குகளும் சேர்ந்து ஏறினால் காரணம் பொதுவானது: ஆயில் கூலரின் தண்ணீர்ப் பக்கம் அடைபட்டிருக்கும், அல்லது உள்வரும் எண்ணெயின் வெப்பநிலை வழக்கமான 40 - 50 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஒன்று மட்டும் ஏறினால் காரணம் அதற்கு எண்ணெயை அளந்துவிடும் ஆரிஃபிஸ் (சிறு துளை), தண்டுகளின் அலைன்மென்ட் (நேர்வரிசை), அல்லது அந்தச் சென்சாரே. வெளியேறும் எண்ணெயின் வெப்பநிலை மாறாமல் உலோக வெப்பநிலை மட்டும் எகிறினால் முதலில் சென்சாரைச் சோதியுங்கள். பல வாரங்களாகப் படிப்படியாக ஏறி, திடீரென்று விழுந்து, மீண்டும் ஏறும் ரம்பப் பல் போன்ற வரைபடம், எண்ணெய் சிதைந்து வார்னிஷாகப் படிந்து உதிர்வதன் அடையாளம். வேகமாக ஏறி, பின் எதிர்பாராமல் இறங்கி நின்றால் நிம்மதி கொள்ள வேண்டாம். வெண்ணுலோகம் வழிந்து இடைவெளி கூடியதால் சூடு குறைந்திருக்கலாம். அடுத்த நிறுத்தத்தில் அதைத் திறந்தே ஆக வேண்டும்.

அறிகுறி: பாதி வேகத்துக்குச் சற்றுக் கீழே அதிர்வு

அதிர்வு அலைவரிசைப் படத்தில் சுழற்சி வேகத்தின் 0.42 முதல் 0.48 மடங்குக்குள் ஒரு கூம்பு எழுந்தால், படலமே தண்டைப் பேரிங்குக்குள் சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. சுமை குறைந்த, அதிவேகப் பேரிங்குகளில் இது வரும். எண்ணெயின் வெப்பநிலையைச் சில டிகிரி மாற்றிப் பாருங்கள்; கூம்பு உடனே எதிர்வினை காட்டினால் நோய் உறுதி. அலைன்மென்டைத் திருத்தி அந்தப் பேரிங்குக்கு உரிய சுமையைத் திருப்பித் தருவது பெரும்பாலும் போதும். இல்லையெனில் சாயும் பேடு கொண்ட ஜர்னல் பேரிங்குக்கு மாற வேண்டும். தண்டு அதன் முதல் கிரிட்டிக்கல் வேகத்தைப் (அதன் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகம்) போல் இரு மடங்கை நெருங்கும்போது இதே அதிர்வு அந்தக் கிரிட்டிக்கலில் பூட்டிக்கொண்டு வன்முறையாக மாறும். நியூகிர்க்கும் டெய்லரும் 1925-இல் விளக்கிய அந்த நிலையில் இயந்திரத்தை ஓட விடக் கூடாது.

அறிகுறி: த்ரஸ்ட் பேரிங் சூடாகிறது, தண்டு அச்சில் நகர்கிறது

பேடுகளைக் குற்றம் சொல்வதற்கு முன் சுமை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல நிலைகள் கொண்ட பம்ப்பில், அச்சு விசையை ஈடு செய்யும் பேலன்ஸ் டிரம் தேய்ந்தால், அது ஈடு செய்துவந்த விசை முழுவதும் பேடுகளின் மேல் இறங்கும். பேலன்ஸ் குழாயில் ஓட்டமும் பிரஷரும் கூடியிருப்பது அதன் தடயம். நீராவி டர்பைனில் பிளேடுகளின் மேல் உப்புப் படிந்தால் விசை மெல்ல மெல்லக் கூடும். கியர் கப்ளிங்கின் பற்கள் உராய்ந்து பூட்டிக்கொண்டால், சூட்டில் நீளும் தண்டு பக்கத்து இயந்திரத்தைத் தள்ளும். சுமை மாறும்போதெல்லாம் த்ரஸ்ட் வெப்பநிலையும் குதித்தால் இதை ஐயப்படுங்கள்.

ஜர்னல் பேரிங் கொண்ட பெரிய மோட்டார்களில் த்ரஸ்ட் பேரிங்கே பெரும்பாலும் இராது. ரோட்டர் தன் காந்த மையத்தில் தானாக மிதக்க வேண்டும். அந்த மையத்தைக் குறிக்காமல் கப்ளிங்கைப் பூட்டினால், தண்டின் தோள் பேரிங்கின் பக்க முகத்தில் உரசி, ஒரு மணி நேரத்துக்குள் வெண்ணுலோகம் வழியும். மோட்டாரைத் தனியே ஓட்டி, தண்டின் மேல் காந்த மையத்தைக் கோடிட்டு, அச்சு அசைவைக் கட்டுப்படுத்தும் கப்ளிங்கைப் பொருத்துவதே தீர்வு.

மோட்டார், ஜெனரேட்டர் பேரிங்குகளைத் திறக்கும்போது இன்னொன்றையும் தேடுங்கள். வெண்ணுலோகப் பரப்பு பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கியிருந்து, உருப்பெருக்கியில் உருகிய நுண்குழிகள் தெரிந்தால், படலத்தின் வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. எண்ணெயை மாற்றியும் அலைன்மென்டைத் திருத்தியும் இது தீராது. கப்ளிங் இல்லாத பக்கப் பேரிங்கின் காப்பு மின்தடையை மெகரால் (உயர் மின்தடையை அளக்கும் கருவி) அளந்து, அதைக் குறுக்கே இணைத்துவிடும் சென்சார் கம்பி, எண்ணெய்க் குழாய், வண்ணப்பூச்சு மூடிய அழுக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, தண்டின் எர்த்திங் பிரஷ் தேயாமல் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே புதிய பேரிங்கைப் பொருத்த வேண்டும்.